பதறாத காரியம்: கால்சியத் தடுப்பு மருந்துகளின் வரலாறு

நோய்களுள் சில ஆரவாரத்துடன் வருவன; சில அரவமின்றி வருவன. காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்த அன்றே தம் வருகையை வீட்டார் அனைவருக்கும் அறிவித்துவிடும். உயர் இரத்த அழுத்தமோ பல ஆண்டுகள் உடம்பிற்குள் குடியிருந்தும் குரல் காட்டுவதில்லை. மக்கள் வழக்கில் 'இரத்தக் கொதிப்பு' என்று பெயர் பெற்ற இந்நோய், பெரும்பாலும் மூளையின் குழாயொன்றை வெடிக்கச் செய்தோ, இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோரச் செய்தோதான் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோருள் பத்துப் பேரில் மூவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது.

இந்நோயாளருள் பலர் நாள்தோறும் விழுங்கும் சிறு மாத்திரையின் பெயர் அம்லோடிபின். கால்சியத் தடுப்பு மருந்துகள் எனப்படும் குலத்தைச் சேர்ந்தது அது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவினதாகிய அம்மாத்திரைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு தற்செயல் உண்டு. ஒரு பெருந்தவறும் உண்டு. அத்தவறிலிருந்து பெற்ற படிப்பினையும் உண்டு.

அளக்கக் கற்ற காலம்

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் மருத்துவர் அல்லர்; இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார் ஒருவர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் அப்பெரியார் ஒரு பெண்குதிரையின் தமனியில் பித்தளைக் குழலைப் பொருத்தி, அதனுடன் நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டு அடிக்கும் மேலாக அக்குழாயில் ஏறி நின்றது. இச்சோதனையை அவர் 1733-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். எனினும் மனிதருக்கு இம்முறை ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1896-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையைக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். 1905-ஆம் ஆண்டில் உருசிய மருத்துவர் கொரோட்காவ், அப்பட்டைக்குக் கீழே காதுக்குழாயை வைத்து, நாடியின் ஒலி தோன்றும் இடத்தையும் மறையும் இடத்தையும் கேட்டறியும் முறையைக் கண்டார். மேல் எண், கீழ் எண் என்று மருத்துவர் இன்றும் கூறும் இரண்டு எண்களும் அவ்வழியே வந்தவை.

கைகட்டி நின்ற காலம்

அளக்கத் தெரிந்ததே அன்றி, அளந்ததைக் குறைக்க வழி தெரியவில்லை. குறைப்பது நன்றா என்பதிலேயே ஐயம் நிலவிற்று. முதுமையில் தடித்துப்போன குழாய்களின் வழியே இரத்தத்தைச் செலுத்த உடம்பு தானே அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது போலும். அதில் கைவைத்தல் தகாது என்று 1930-களில் பெயர்பெற்ற இதய மருத்துவர்களும் கருதினர்.

இக்கருத்தின் விலை என்ன என்பதை உலகம் 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் கண்டது. அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூசுவெல்ட் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் எனும் ஊரில் தம் உருவப்படத்திற்காக அமர்ந்திருந்தார். தலையின் பின்புறத்தில் கடும் வலி என்று கூறியவர் நினைவிழந்து சாய்ந்தார். அப்போது அவருடைய அழுத்தம் 300/190-க்கு ஏறியிருந்தது. அன்று பிற்பகலே உயிர் பிரிந்தது. வயது 63. முந்திய ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே புருயன் என்ற இளம் இதய மருத்துவர் அவரைச் சோதித்து, அழுத்தம் 186/108 என்றும் இதயம் சோர்ந்துள்ளது என்றும் கண்டறிந்திருந்தார். உப்பைக் குறைத்தல், ஓய்வு, இதயத்திற்கு டிஜிட்டாலிஸ் மருந்து ஆகியவற்றைத் தவிர அவர் கையில் வேறு படைக்கலம் இல்லை. உலகின் வலிமைமிக்க அரசின் தலைவருக்கே கிட்டாத மருந்து இன்று ஓர் ஊர்ப்புறச் சிகிச்சையகத்தில் கிடைக்கிறது.

அக்காலத்தை ஒட்டி முயற்சிகள் பெருகின. வெறும் சோறும் பழமும் சர்க்கரையும் கொண்ட கடும் பத்தியம் வந்தது. முதுகெலும்பின் அருகே உள்ள நரம்புகளை வெட்டும் அறுவை வந்தது. நோயாளி எழுந்து நின்றால் மயங்கி விழச்செய்யும் மருந்துகள் வந்தன. 1949-ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இந்திய மருத்துவத்தின் பழம்பெரும் மூலிகையாகிய சர்ப்பகந்தியின் பயனை ஆங்கில மருத்துவ இதழொன்றில் எழுதி உலகின் பார்வைக்குக் கொணர்ந்தார். 1958-ஆம் ஆண்டில் சிறுநீரின் வழியே உப்பை வெளியேற்றும் குளோரோதயசைட் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர்வீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, மிக உயர்ந்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கப்படும் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. கைகட்டி நிற்றல் அறமன்று என்பது தெளிவாயிற்று.

இலண்டன் குழாய்த் தண்ணீர்

கால்சியத்தின் கதையைத் தொடங்க மீண்டும் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1880-களின் தொடக்கத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் பணியாற்றினார். நோயாளிகளைப் பார்த்தது போக எஞ்சிய நேரத்தில் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்கவைத்து ஆராய்வது அவர் வழக்கம். வாலைநீர் எனும் காய்ச்சி வடித்த நீரில் சாதாரண உப்பைக் கரைத்தால் போதும், இதயம் நெடுநேரம் துடிக்கும் என்று கண்டு, அதனை 1882-ஆம் ஆண்டில் எழுதியும்விட்டார்.

பின்னர் அதே சோதனை பிழைத்தது. வாலைநீரில் ஆக்கிய கரைசலில் இதயம் சற்று நேரத்திலேயே சோர்ந்து நின்றுபோயிற்று. காரணத்தைத் துருவியபோது வேடிக்கையான உண்மை வெளிப்பட்டது. முன்னைய கரைசல் வாலைநீரில் ஆக்கப்படவில்லை. நியூ ரிவர் கம்பெனி இலண்டன் மாநகருக்கு வழங்கிய குழாய்த் தண்ணீரில் ஆக்கப்பட்டிருந்தது! அத்தண்ணீரில் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கரைந்திருந்தது. அதுவே இதயத்தைத் துடிக்கச் செய்தது. ரிங்கர் வாலைநீர்க் கரைசலில் சிறிது கால்சியத்தைச் சேர்த்தார். நின்ற இதயம் மீண்டும் துடித்தது.

இவ்விடத்தில் போற்றத்தக்கது கண்டுபிடிப்பு மட்டுமன்று. தாம் அச்சிட்ட முடிவு தவறு என்பதையும், தவறு எங்கே நேர்ந்தது என்பதையும் ரிங்கர் 1883-ஆம் ஆண்டில் தாமே எழுதி வெளியிட்டார். தவற்றை மறைத்திருந்தால் ஓர் உண்மையும் அதனுடன் மறைந்திருக்கும். இன்று மருத்துவமனைகளில் நரம்பின் வழியே ஏற்றப்படும் 'ரிங்கர் கரைசல்' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கதவும் காவலும்

எலும்பிற்கு உறுதி தருவது கால்சியம் என்பதை யாவரும் அறிவர். தசை சுருங்குவதற்கும் அதுவே திறவுகோல். உயிரணுவிற்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே உள்ளதைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. அணுவின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. மின்துடிப்பு வந்து தட்டியதும் வாயில் திறக்கிறது, கால்சியம் உட்புகுகிறது, தசை சுருங்குகிறது. இதயத்திலும் இவ்வாறே; இரத்தக் குழாய்களின் சுவரில் உள்ள தசையிலும் இவ்வாறே.

நுண்தமனிகளின் தசை இறுகினால் வழி குறுகும்; வழி குறுகினால் அழுத்தம் ஏறும். தோட்டத்து இரப்பர் குழாயின் வாயை விரலால் நெருக்கியவர்க்கு இது விளங்கும். குழாயின் குறுக்களவில் சிறு மாறுதலும் பெரும் விளைவை உண்டாக்கும். ஆரம் பத்தில் ஒரு பங்கு பெருகினால், அதே அழுத்தத்தில் ஓடும் நீர் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே கால்சியம் புகும் வாயிலைச் சிறிது சாத்தி வைத்தாலே குழாய் தளர்ந்து, அழுத்தம் இறங்கும்.

இவ்வாயிலைச் சாத்தும் மருந்துகள் உண்டு என்பதைத் தெளிந்தவர் ஜெர்மனியின் பிரைபர்க் நகரப் பேராசிரியர் ஆல்பிரெக்ட் பிளெக்கென்ஸ்டைன். 1960-களின் முற்பகுதியில் நெஞ்சுவலிக்கெனச் செய்யப்பட்ட இரு புதிய மருந்துகளை ஆராயும் பணி அவரை வந்தடைந்தது. பிரினைலமின் ஒன்று, வெரபமில் மற்றொன்று. இரண்டும் இதயக் குழாய்களை விரித்தன. ஆனால் இதயத்தின் வேகத்தையும் வலிமையையும் தணித்தன. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. கால்சியம் இல்லாத கரைசலில் இட்ட இதயம் எவ்வாறு சோருமோ, அவ்வாறே இம்மருந்துகளின் முன்னும் இதயம் சோர்வதைப் பிளெக்கென்ஸ்டைன் கண்டார். கால்சியத்தைக் கூடுதலாகச் சேர்த்தபோது சோர்வு நீங்கிற்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் ரிங்கர் திறந்த கதவிலேயே அவரும் வந்து நின்றார் எனலாம். இவற்றிற்குக் 'கால்சிய எதிரிகள்' என்று பெயரிட்டவர் அவரே.

மூன்று கிளைகள்

இக்குலம் மூன்று கிளைகளாக வளர்ந்தது. ஜெர்மனியின் நோல் நிறுவனத்தார் அளித்த வெரபமில் முதற்கிளை. அபினிச் செடியில் கிடைக்கும் பப்பாவரின் எனும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்டது அது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் போசெர்ட், வாட்டர் ஆகிய இருவரும் கண்ட நிபெடிபின் இரண்டாம் கிளை. இது 1975-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் தனாபே நிறுவனத்தார் 1970-களில் தந்த டில்டியாசெம் மூன்றாம் கிளை.

மூன்றும் ஒரே வாயிலைச் சாத்துவனவாயினும் அவற்றின் நாட்டம் வேறு வேறு. வெரபமில் இதயத்தின் மீது மிகுதியாகச் செயற்பட்டு, அதன் வேகத்தைக் குறைக்கிறது. நிபெடிபின் இரத்தக் குழாய்களின் மீதே மிகுதியும் செயற்படுகிறது. டில்டியாசெம் இரண்டிற்கும் இடைப்பட்டது. நெஞ்சுவலிக்கெனப் பிறந்த இம்மருந்துகள் 1980-களில் இரத்த அழுத்த மருத்துவத்தின் நடுக்களத்திற்கு வந்துவிட்டன.

அவசரம் விளைத்த கேடு

நிபெடிபின் முதலில் திரவம் நிறைந்த மென்மையான குளிகையாக வந்தது. அதன் வேகம் வியப்பூட்டியது. சில நிமிடங்களில் அழுத்தம் சரசரவென்று இறங்கும். இவ்வேகமே அதன் பெருமையாயிற்று. பின்னர் அதுவே அதன் குற்றமும் ஆயிற்று.

அழுத்தம் 200-ஐத் தாண்டிய நோயாளி அவசரப் பிரிவிற்கு வந்தால், குளிகையைத் துளையிட்டு அதன் திரவத்தை நாவின் அடியில் விடுவது 1980-களில் பல நாடுகளில் வழக்கமாயிற்று. சிறிது நேரத்தில் கருவியின் எண் இறங்கும். மருத்துவர் மனநிறைவு கொள்வார். சுற்றத்தார் நன்றி கூறுவர். ஆனால் மருத்துவர் சிகிச்சை செய்தது நோயாளிக்கா, எண்ணுக்கா?

நெடுநாள் உயர் அழுத்தத்தில் வாழ்ந்த மூளை அவ்வழுத்தத்திற்கே பழகியிருக்கும். அதனைத் திடீரெனத் தாழ்த்தினால் மூளைக்குப் போதிய இரத்தம் ஏறுவதில்லை. அழுத்தம் சரிவதைக் கண்டு உடம்பு அஞ்சி, இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. குழாய் அடைபட்ட இதயத்திற்கு அதுவும் தீங்கே. பக்கவாதமும் மாரடைப்பும் மரணமும் இச்சிகிச்சையின் பின் நேர்ந்தமை மருத்துவ இதழ்களில் ஒவ்வொன்றாகப் பதிவாயின. நாவின் அடியில் அம்மருந்து சரிவர உறிஞ்சப்படுவதே இல்லை என்பதும், விழுங்கப்பட்டுக் குடலை அடைந்த பின்பே அது செயற்பட்டது என்பதும் தெரியவந்தன. 1996-ஆம் ஆண்டில் கிராஸ்மன், மெசெர்லி முதலியோர் இப்பதிவுகளை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் தொகுத்துக் காட்டி, இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு வேண்டினர்.

புயலும் தெளிவும்

இதற்கு முந்திய ஆண்டிலேயே பெரும்புயல் ஒன்று எழுந்திருந்தது. 1995-ஆம் ஆண்டில் சியாட்டில் நகர ஆய்வாளர் புரூஸ் சேட்டியும் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறுகிய நேரமே செயற்படும் கால்சியத் தடுப்பு மருந்துகளை உண்ட அழுத்த நோயாளிகளுக்கு, சிறுநீர் மருந்துகளை உண்டோரைவிட மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதி என்பது அதன் முடிவு. செய்தித்தாள்கள் இதனைக் கொட்டை எழுத்துகளில் வெளியிட்டன. நோயாளிகள் கலங்கினர், மருத்துவ உலகம் இரண்டுபட்டது.

அவ்வழக்காடலில் எல்லாரும் நடுநிலையில் நின்றனரா? 1998-ஆம் ஆண்டில் கனடிய ஆய்வாளர்கள் அதனையும் ஆராய்ந்தனர். இம்மருந்துகளை ஆதரித்து எழுதியோருள் 96 விழுக்காட்டினர் இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுடன் பணத்தொடர்பு உடையவர்; எதிர்த்து எழுதியோருள் அத்தொடர்பு உடையவர் 37 விழுக்காட்டினரே. கட்டுரை எழுதுவோர் தம் பணத்தொடர்புகளை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்ற குரல் வலுப்பெற இவ்வாய்வும் துணைநின்றது.

வாதத்தால் தீராத வழக்கைப் பெரிய ஆய்வுகளே தீர்த்தன. 1997-ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த 60 வயதிற்கு மேற்பட்டோர் 4,695 பேர் பங்கேற்றனர். நிபெடிபினின் உறவாகிய நைட்ரெண்டிபினைக் கொண்டு தொடங்கிய சிகிச்சை, வெற்று மாத்திரையை விடப் பக்கவாதத்தை 42 விழுக்காடு குறைத்தது. 2002-ஆம் ஆண்டில் ஆல்ஹாட் எனும் மாபெரும் அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. 33,357 பேர் அதில் இடம்பெற்றனர். அம்லோடிபின் மாரடைப்பை மிகுவிக்கவில்லை. பழைய சிறுநீர் மருந்திற்கு இணையாகவே நின்றது. ஆயினும் இதயச் சோர்வு மட்டும் அம்லோடிபின் உண்டோரிடம் சற்று மிகுதியாகக் காணப்பட்டது. புதியது என்பதாலேயே உயர்ந்ததாகாது என்பதையும் அவ்வாய்வு உணர்த்திற்று.

ஒரே குலத்து மருந்துகள் ஓரிடத்தில் கேடும் ஓரிடத்தில் காப்பும் ஆனது எவ்வாறு? விடை வேகத்தில் இருக்கிறது. நிபெடிபின் குளிகை சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்குவது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் பைசர் நிறுவனத்தின் சைமன் கேம்பெல் குழுவினர் ஆக்கிய அம்லோடிபினோ மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. அதன் அளவு பாதியாவதற்கு 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒருவேளை மறந்தாலும் அழுத்தம் துள்ளி எழுவதில்லை. நிபெடிபினும் பின்னர் ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கசியும் மாத்திரையாக மாற்றி அமைக்கப்பட்டது. 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழியை மருந்தியல் இவ்வாறு தன் வழியில் கற்றுக்கொண்டது.

இன்றைய பயன்பாடு

அம்லோடிபின் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையால் அதன் விலையும் குறைந்துள்ளது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, நீரிழிவு இல்லாத 55 வயதிற்கு மேற்பட்டோர்க்கு இக்குலத்து மருந்தையே முதல் தெரிவாகக் கூறுகிறது. பொதுவாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அளவில் தொடங்கி, தேவைப்படின் 10 மில்லிகிராம் வரை உயர்த்துவர். ஒன்று போதாவிடின் வேறு குலத்து மருந்தொன்றை உடன் சேர்ப்பர்.

குறைகளும் இல்லாமல் இல்லை. நுண்தமனிகள் விரியும் அளவிற்குச் சிரைகள் விரியாமையால் நீர் கசிந்து கணுக்கால் வீங்கலாம். இதனைப் புதுநோய் என்று எண்ணிச் சிறுநீர் மருந்தைக் கூட்டினால் பயன் விளைவதில்லை. தலைவலி, முகம் சிவத்தல், ஈறு தடித்தல் ஆகியவையும் சிலர்க்கு நேரும். வெரபமில் மலச்சிக்கலைத் தரும். இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளுடன் அதனைச் சேர்ப்பது ஆபத்தாகலாம்.

மற்றுமொரு தற்செயலும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கனடாவிலும் இலண்டன் என்ற பெயரில் ஒரு நகர் உண்டு. அங்கே டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், பெலோடிபின் எனும் கால்சியத் தடுப்பு மருந்துடன் மது சேர்ந்தால் என்ன விளையும் என்று ஆராய்ந்தார். மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃபுரூட் பழச்சாற்றைக் கலந்தார். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் பன்மடங்கு உயர்ந்தது. காரணம் மதுவன்று, பழச்சாறே. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அச்சாறு முடக்கிவிடுகிறது. 1989-ஆம் ஆண்டில் வெளியான இவ்வுண்மையை ஈப்போ வட்டாரத்தார் சிறப்பாக அறிந்திருத்தல் நன்று. அவ்வூருக்குப் பெயர்தேடித் தந்த பம்பளிமாசும் கிரேப்ஃபுரூட்டிற்கு உறவே, அந்த நொதியை முடக்கும் பொருள்கள் அதிலும் உள்ளன. அம்லோடிபினுக்கு இத்தொல்லை மிகக் குறைவு. பெலோடிபின், நிபெடிபின் போன்றவற்றை உண்போர் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

முடிவாக

ஒரு காலத்தில் மருத்துவம் அழுத்தத்தைத் தொடவே அஞ்சியது. அந்த அச்சத்தால் உயிர்கள் போயின. பின்னொரு காலத்தில் அதனை நொடியில் வீழ்த்த விரைந்தது. அந்த விரைவாலும் உயிர்கள் போயின. அச்சத்திற்கும் அவசரத்திற்கும் இடைப்பட்ட வழியைக் காண அரை நூற்றாண்டு ஆயிற்று. அவ்வழியைக் காட்டியது தவற்றை எண்ணிப் பார்த்தவர்களின் நேர்மையே. தம் கரைசலில் நேர்ந்த பிழையைத் தாமே எழுதி வெளியிட்ட ரிங்கர் அதற்குத் தொடக்கம்; குளிகையின் கேட்டை மறைக்காமல் பதிவுசெய்த மருத்துவர்கள் அதன் தொடர்ச்சி.

நோயாளிக்கும் இதில் பாடம் உண்டு. அழுத்தம் குறைந்துவிட்டது என்று மாத்திரையைத் தானே நிறுத்துவதும், ஒருநாள் ஏறிவிட்டது என்று இரண்டாக விழுங்குவதும் அதே பழைய தவற்றின் புதிய வடிவங்கள். அரவமின்றி வரும் பகைவனை ஆரவாரத்தால் வெல்ல இயலாது. நாள்தோறும் ஒன்று, நாள் தவறாமல் ஒன்று என்ற நிதானமே அவனை வெல்லும் படை.